கணித்தமிழை ஆக்கிய கூட்டுழைப்பு

பொழுது புலருமுன் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவர். கங்காணி பெயர் கூப்பிடுவார். இன்னார்க்கு இன்ன நிரை என்று வேலையைப் பகிர்வார். வந்த தலைகளை எண்ணிக் கிராணியிடம் கணக்குக் கொடுப்பார். பின்னர் அவரவர் வாளியும் கத்தியும் ஏந்தித் தத்தம் நிரைக்குச் செல்வர். மலாக்கா மாநிலத்தில் நம் முன்னோர் கண்ட வாழ்வு இது. 1896-ஆம் ஆண்டில் தான் சே யான் என்னும் சீன வணிகர் புக்கிட் லிந்தாங்கில் இந்நாட்டிலேயே முதன்முதலாக ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அடுத்துப் புக்கிட் அசகானிலும் பெருந்தோட்டம் எழுந்தது. அந்நாள் தொட்டு ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா என்று பரந்து கிடந்த தோட்டங்களில் தமிழர் கைகளே பால்மரங்களை வெட்டி வந்தன.

பால்வெட்டில் ஓர் உண்மை உண்டு. அதனைத் தொழிலறிந்த முதியவர் எவரும் சொல்வர். கத்தியை அளவுக்கு மீறி ஆழமாக இறக்கினால் அன்றைக்கு மங்கில் பால் சற்றுக் கூடுதலாக வடியலாம். ஆனால் பட்டைக்கு அடியிலிருக்கும் உயிர்ப்படலம் காயப்பட்டுப் போகும். சில ஆண்டுகள் கழித்துப் பட்டை புதிதாக வளர்ந்து மீண்டும் வெட்டுக்கு வரும்போது, அவ்விடம் முண்டும் முடிச்சுமாக நிற்கும். காயப்படுத்தியவர் அப்போது வேறு நிரையில் இருப்பார், அல்லது வேறு தோட்டத்திலேயே இருப்பார். அல்லற்படுபவர் அவருக்குப் பின் வந்தவர். ஆகவே ஒருவர் தனியே நின்று வெட்டினாலும் அவ்வேலை தனியொருவர் வேலையன்று. முன்னே வெட்டியவரும் பின்னே வெட்டப் போகிறவரும் சேர்ந்து செய்யும் கூட்டுவேலையே அது.

இதனை ஈண்டு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. அந்த நிரைகளில் நடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று புக்கிட் பெருவாங்கில் உள்ள பல்லூடகப் பல்கலைக்கழகத்திலும், டுரியான் துங்காலில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் மென்பொருள் பயிலச் செல்கின்றனர். ஒரு மாணவியின் தந்தையார் ஒருநாள் என்னிடம் வந்து, “ஐயா, பிள்ளை கம்பியூட்டர் படிக்கப் போறேன்னு நிக்குது. அந்த வேலை என்னா வேலைங்க? அறைக்குள்ள தனியா குந்திக்கிட்டுத் தட்டிக்கிட்டே இருக்கணுமாமே?” என்று கேட்டார். படித்த ஆசிரியர் சிலரும் அவ்வாறே எண்ணக் கேட்டிருக்கிறேன். அறிவிற் சிறந்த ஒருவர் தனித்திருந்து படைக்கும் வித்தையே மென்பொருள் என்பது பலர் கருத்து. அக்கருத்துச் சரிதானா? இதற்கு விடை தேடத் தொலைவுக்குச் செல்ல வேண்டியதில்லை. நம் தாய்மொழி கணினியில் ஏறிய வரலாற்றையே எடுத்து ஆராய்வோம்.

தனித்தனியே நடந்தவர்கள்

இயந்திரத்தில் தமிழை ஏற்றும் முயற்சி கணினிக்கு முற்பட்டது. 1886-இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, இளமையிலேயே மலாயா வந்து, பின்னர்ச் சிங்கப்பூரில் அலுவல் பார்த்த ஆர். முத்தையா என்பவரே தமிழ்த் தட்டச்சுப் பொறியை வகுத்த முன்னோடி. நமக்கு எழுத்துக்கள் 247. பொறியில் உள்ள விசைகளோ சிலவே. இம்முரணை அவர் எழுத்துக்களைப் பகுத்தும், அழுத்தினாலும் தாள் நகராத விசைகளை அமைத்தும் தீர்த்தார். அவர் வகுத்த பொறி செருமனியில் செய்யப்பட்டு வெளிவந்தது. ஒருவர் முயன்றார், ஒரு பொறி பிறந்தது, அதனைக் கொண்டு அடித்த தாளை எவரும் படிக்கலாம். தாளில் விழுந்த ‘அ’ எந்தப் பொறியில் அடித்தாலும் ‘அ’ தானே!

கணினியின் இயல்பு அத்தகையதன்று. அதற்கு எழுத்துத் தெரியாது, எண்ணே தெரியும். ‘அ’ என்பதற்கு ஓர் எண், ‘ஆ’ என்பதற்கு ஓர் எண் என்று நாம் வகுத்துக் கொடுத்தால் அது அவ்வெண்ணைச் சேமித்து வைத்துக்கொண்டு, கேட்கும்போது உரிய வடிவத்தைத் திரையில் காட்டும். அவ்வாறு எண் வகுப்பதையே குறியீட்டு முறை என்கிறோம். அந்நாளைய கணினிகளில் 256 இடங்களே இருந்தன. முற்பாதி 128-ஐ ஆங்கிலம் பிடித்துக்கொண்டது. எஞ்சிய 128 இடங்களுக்குள் 247 எழுத்துக்களை அடக்குவது எப்படி? கொம்பு, கால், விசிறி என்று உறுப்புக்களாகப் பிரித்துத்தான் அடக்க வேண்டும். எந்த உறுப்புக்கு எந்த எண்? அதனை அவரவர் தம் விருப்பப்படி வகுத்தனர்.

1984-இல் கனடாவில் சீனிவாசன் ‘ஆதமி’ என்னும் தமிழ் எழுதியை ஆக்கினார். 1985-இல் நம் நாட்டில், தமிழாசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறனின் மைந்தர் முத்து நெடுமாறன் தம் முரசு மென்பொருளைத் தொடங்கினார். பின்னாளில் ‘முரசு அஞ்சல்’ என்று பெயர் பெற்று நம் பள்ளிகள் பலவற்றிலும் புகுந்தது அதுவே. சுவிட்சர்லாந்தின் இலோசான் நகரில் வேதியியல் ஆய்வு செய்து வந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ என்னும் எழுத்துருவை ஆக்கி விலையின்றி வழங்கினார். சிங்கப்பூரின் தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, ‘கணியன்’ என்னும் முறையைப் படைத்து, 1995-இல் இணையத்தில் தமிழை ஏற்றிக் காட்டினார்.

இவர்கள் அனைவரும் பெருந்திறலோர். தம் ஊதியம் கருதாது இராப்பகலாக உழைத்தோர். இவர்களை எண்ணுந்தோறும் நெஞ்சம் நெகிழ்கிறது. ஆயினும் விளைந்தது என்ன? ஒருவர் எழுதியதை இன்னொருவர் கணினியில் திறந்தால் தமிழ் தோன்றவில்லை. புரியாத குறிகளின் குப்பையே தோன்றியது. அச்சகத்துக்கு ஒரு முறை, நாளேட்டுக்கு ஒரு முறை, கடைக்கு ஒரு முறை என்று எண்ணற்ற முறைகள் பெருகின. எழுத்து ஒன்றாயிருந்தும் எண் பலவாயின.

அந்தத் தீங்கை நானே அனுபவித்தேன். 1998-ஆம் ஆண்டில், இளம் ஆசிரியனாக ஒரு தோட்டப் பள்ளியில் இருந்தபோது, பள்ளி மலருக்காகத் தோட்டத்து வரலாற்றைத் திரட்டினேன். லயத்துக்கு லயம் சென்று முதியவர் சொல்லக் கேட்டு எழுதினேன். 1942-43-இல் சப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட எங்கள் தோட்டத்தார் பெயர்களை ஒரு மூதாட்டி ஒவ்வொன்றாகச் சொன்னார். போனவர் யார், திரும்பியவர் யார் என்று அவர் ஒருவரே முழுமையாக அறிவார். அனைத்தையும் கணினியில் தட்டெழுதி, ஒரு வட்டில் பதித்து, பட்டணத்து அச்சகம் ஒன்றுக்குக் கொண்டு சென்றேன். அங்கு வேறு எழுத்துரு. பக்கங்களைத் தம் முறைக்கு மாற்ற முயன்று, மாற்றியதை என் வட்டின் மேலேயே பதித்துவிட்டனர். எழுத்துக்களிற் பாதி வெறும் கேள்விக்குறிகளாய் நின்றன. எந்தக் கேள்விக்குறி எந்த எழுத்து என்று இனி எவரும் சொல்ல இயலாது. கைப்படி எங்கே என்பீர்கள். தட்டெழுதி முடித்துவிட்டோமே என்று அதனை நானே எறிந்திருந்தேன். மூதாட்டியிடம் மீண்டும் போனேன். அவர் நினைவு அதற்குள் தளர்ந்திருந்தது. ஒன்பது பக்கங்கள் போயின; அவற்றோடு அப்பெயர்களும் போயின.

அச்சகத்தார் மேல் பழி போட்டுப் பயனில்லை. படி எடுத்து வைக்காத பிழை என்னுடையது. ஆனால் அதற்கும் அடியில் ஒரு பெரும்பிழை இருந்தது. எழுத்துருக்களைச் செய்தவர்கள் ஒருவரோடொருவர் கலந்து பேசாமையே அது.

மேலைநாட்டார் கண்ட உண்மை

இப்பிழை தமிழர்க்கு மட்டும் உரியதன்று. 1968-இல் செருமனியின் கார்மிசு என்னும் ஊரில் மென்பொருள் வல்லுநர் ஒரு மாநாடு கூடினர். மென்பொருட்கள் காலங்கடந்து முடிவதையும், செலவு மீறுவதையும், பிழை மலிந்திருப்பதையும் கண்டு, இதனையும் பாலம் கட்டுவது போன்ற ஒரு பொறியியற் கலையாக வகுக்க வேண்டும் என்று அங்கே ஆராய்ந்தனர். அதே 1968-இல் மெல்வின் கான்வே என்பவர் ஒரு கருத்தை வெளியிட்டார். ஒரு குழு ஆக்கும் அமைப்பு, அக்குழுவினர் தம்முள் எவ்வாறு பேசிக்கொள்கின்றனரோ அவ்வாறே அமையும் என்பது அதன் சாரம். பேச்சு அறுந்திருக்கும் இடத்தில் அமைப்பும் அறுந்திருக்கும். நம் எழுத்துரு வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கனடா, கிள்ளான், இலோசான், சிங்கப்பூர், சென்னை என்று பிரிந்திருந்தனர் ஆக்கியோர். ஆகவே பிரிந்திருந்தன ஆக்கங்களும்.

அப்படியானால் ஆட்களைக் கூட்டிவிட்டால் போதுமா? போதாது. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஒரு பெரும் மென்பொருட் பணியை நடத்திய பிரெடரிக் புரூக்சு, 1975-இல் வெளியிட்ட நூலில், காலம் தாழ்ந்த பணிக்கு ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் தாழும் என்று எழுதினார். இது கணக்காசிரியர்க்கு எளிதில் விளங்கும். ஐவர் கொண்ட குழுவில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ளும் வழிகள் 10. பதின்மர் ஆனால் அவ்வழிகள் 20 அல்ல, 45. இருபதின்மர் ஆனால் 190. தலை பெருகப் பெருகப் பேச்சே வேலையாகிவிடும். தோட்டத்தில் இருபது பேர் இருபது நிரையில் தனித்தனியே வெட்டலாம். மென்பொருளில் ஒருவர் நிரை இன்னொருவர் நிரையோடு வேரும் கிளையுமாகப் பின்னிக் கிடக்கிறது. ஆகவே வேண்டுவது கூட்டம் மட்டுமன்று; கூடிச் செய்யும் ஒழுங்கு.

கூட்டம் கூடியது

1997-ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் முதல் தமிழ் இணைய மாநாடு நடைபெற்றது. தனித்தனியே உழைத்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டனர். அதனையொட்டிப் பல நாட்டு அன்பர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து ஒரு பொதுக் குறியீட்டு முறையை வகுக்கத் தொடங்கினர், அதுவே ‘திஸ்கி’. கல்யாணசுந்தரமும் முத்து நெடுமாறனும் அம்முயற்சியில் முன்னின்றவர்களுள் அடங்குவர்.

அவர்கள் பணி செய்த முறையை ஆசிரியர்கள் கருத்தூன்றி நோக்க வேண்டும். வரைவு எழுதினர், அதற்கு எண் இட்டனர், பிறர் பார்வைக்கு வைத்தனர். குறை கண்டபோது முன்னதை அழிக்காமல் அடுத்த எண்ணிட்டுத் திருத்திய வரைவை வெளியிட்டனர். 1.6, 1.7 என்று அம்முறையின் பதிப்புக்கள் வழங்கியதைப் பழைய பயனர் அறிவர். விண்டோசிலும் மெக்கின்தாசிலும் ஒரே உரை ஒரே வகையாகத் தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. தாமே படைத்த முறை ஒன்று கையில் இருக்க, பொது முறைக்கு ஏற்பத் தம் எழுத்துருவை மாற்றிக்கொள்ளவும் வேண்டியிருந்தது. பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுப்பது போன்றது அது.

1998-ஆம் ஆண்டுத் தைப்பொங்கலன்று கல்யாணசுந்தரம் ‘மதுரைத் திட்டம்’ என்னும் மின்னூல் தொகுப்பைத் தொடங்கினார். தன்னார்வத் தொண்டர் ஒருவர் தட்டெழுத, மற்றொருவர் மெய்ப்புப் பார்க்க, நம் இலக்கியங்கள் ஒவ்வொன்றாக ஏறின. தொடக்கத்தில் திஸ்கியில் ஏறிய நூல்கள் பின்னர் ஒருங்குறிக்கும் மாற்றப்பட்டன. அவை எண் ஒழுங்கோடு சேமிக்கப்பட்டமையால் மாற்ற முடிந்தது. என் ஒன்பது பக்கங்களுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை.

1999 பிப்ரவரியில் தமிழ்நாட்டரசின் ஆதரவோடு சென்னையில் மாநாடு கூடியது. ‘தமிழ் 99’ விசைப்பலகை அதன் பயனாகவே பிறந்தது. இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய், இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால் உயிர்மெய் என்று நம் இலக்கண நெறியையே தழுவி அமைந்தது அது. ஆனால் குறியீட்டு முறையில் ஒருமை கிட்டவில்லை. ‘தாம்’, ‘தாப்’ என்னும் இரண்டு அங்கே ஏற்கப்பட்டன. திஸ்கியும் தொடர்ந்து வழங்கிற்று. பல முறைகள் சில முறைகளாகக் குறைந்தன என்பதே உண்மை. அதே ஆண்டு மே மாதம் கோவிந்தசாமி காலமானார். தாம் கூட்டிய கூட்டம் ஓர் அமைப்பாக வேரூன்றியதை அவர் காணவில்லை.

2000 சூலையில் சிங்கப்பூரில் கூடிய மாநாட்டில் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. சுருக்கமாக ‘உத்தமம்’ என்பர். முனைவர் மு. ஆனந்தகிருஷ்ணன் அதன் முதல் தலைவர். 2001-இல் கோலாலம்பூரில் அடுத்த மாநாடு நடந்தது. 2013-இலும் மீண்டும் அங்கே கூடினர். உத்தமம் பணிகளைச் சிறு சிறு பணிக்குழுக்களாகப் பகிர்ந்தது. கலைச்சொல்லுக்கு ஒன்று, ஒருங்குறிக்கு ஒன்று என்று ஆராய்ந்தனர். புரூக்சு சொன்ன 190 வழிகளை 10 வழிகளாகக் குறைப்பதற்கு இதுவே நெறி.

ஒருங்குறியின் பாடம்

இதற்கிடையே உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே எண்வரிசை வகுக்கும் ஒருங்குறி 1991-லேயே வெளிவந்திருந்தது. அதில் தமிழுக்கும் 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. இந்திய அரசு 1988-இல் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுத்த முறையைத் தழுவி அது அமைந்தது. ஆகவே ‘க’ என்னும் அகரமேறிய எழுத்தே அடிப்படையாயிற்று. ‘க்’ என்பது ‘க’-வோடு புள்ளி சேர்ந்த இரண்டு குறியாயிற்று. மெய்யோடு அகரம் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்று நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். கணினியோ உயிர்மெய்யிலிருந்து அகரத்தை நீக்கி மெய் காண்கிறது. தமிழறிஞர் பலர் இதனைக் குறையென்றனர். அக்குறைபாட்டில் நியாயம் உண்டு. ஆனால் ஒருமுறை எண் வகுத்து உலகம் ஏற்றபின் அதனை மாற்றுவதில்லை என்பது ஒருங்குறியின் உறுதி. மாற்றினால் அதுவரை எழுதிய அனைத்தும் குப்பையாகிவிடும் அன்றோ?

தீர்மானிக்கும் அவையில் உரிய வேளையில் நாம் ஒரு குரலாக அமர்ந்திருக்கவில்லை. அதன் விளைவு இது. முதல்வெட்டில் பட்ட காயம் பட்டையில் நிலைத்துவிட்டது. ஆயினும் காயத்தோடு கூடிய மரமும் பால் தருகிறது. விண்டோசு 2000 ஒருங்குறித் தமிழை ஏற்றது. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அதனோடு 16 துண்மி அனைத்தெழுத்து முறையையும் ஏற்றது. முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ 2005-இல் கைப்பேசிக்குள் தமிழைக் கொண்டு வந்தது. 2013-இல் ஆப்பிள் கைப்பேசியிலேயே தமிழ் விசைப்பலகை இடம் பெற்றது. இன்று அலோர் காஜாவில் ஒரு பாட்டி அனுப்பும் தமிழ்ச் செய்தியைத் தொரந்தோவில் உள்ள பேரன் ஓர் எழுத்தும் சிதையாமல் படிக்கிறான். இது தனியொருவர் தந்த வரமன்று; தம் முறையை விட்டுக்கொடுத்துப் பொதுமுறைக்கு வந்த பலர் தந்த வரம்.

நான்கு வழக்கங்கள்

மென்பொருள் ஆக்குவோர் இன்று கைக்கொள்ளும் வழக்கங்கள் பல. அவற்றுள் நான்கினை மட்டும் கூறுவேன்.

முதலாவது, படி காத்தல். செய்த ஒவ்வொரு மாற்றமும் யார் செய்தது, என்று செய்தது, ஏன் செய்தது என்னும் குறிப்போடு காக்கப்படும். வேண்டுமானால் பழைய படிக்கே திரும்பலாம். லினக்சு இயங்குதளத்தை 1991-இல் தொடங்கிய லினசு தோர்வால்சு, உலகெங்கும் பரந்த தம் தோழர்களின் திருத்தங்களைக் காக்க 2005-இல் ‘கிட்’ என்னும் கருவியை ஆக்கினார். உலகத்து நிரலர் பெரும்பாலோர் இன்று அதனையே கையாள்கின்றனர். நான் கைப்படியை எறிந்தவன். இவ்வழக்கத்தின் அருமை எனக்குத் தெரியும்.

இரண்டாவது, சோதித்தல். ஒரு பகுதியை எழுதும்போதே அதனைச் சோதிக்கும் நிரலையும் எழுதி வைப்பர். பின்னர் எவர் எதை மாற்றினாலும் அச்சோதனைகள் அனைத்தும் மீண்டும் ஓடும். நாம் வகுப்பில் மாணவர்க்குத் தேர்வு வைக்கிறோம். இவர்கள் தம் வேலைக்கே நாள்தோறும் தேர்வு வைக்கின்றனர்.

மூன்றாவது, பிறர் பார்வை. ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் படித்து ஏற்ற பின்னரே அது சேர்க்கப்படும். இது நமக்குப் புதிதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் கேட்ப அரங்கேறியதாக அந்நூலின் பாயிரம் கூறுகிறது. குற்றம் கேட்டு, விடை கூறி, அதன் பின்னரே நூல் உலாவரும் என்பது நம் மரபு. 1971-இல் செரால்டு வைன்பெர்கு என்னும் அறிஞர், நிரலர் தம் நிரலைத் தம் மானத்தோடு பிணைக்கலாகாது என்று எழுதினார். நிரலில் குற்றம் கண்டால் நிரலரிடம் குற்றம் கண்டதாகாது என்பதே அதன் கருத்து.

நான்காவது, சிறுகச் செய்தல். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 வல்லுநர் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டனர். முழுத் திட்டமும் முடியும்வரை காத்திராமல், பயன்படக்கூடிய சிறு பகுதியை விரைந்து கொடுத்து, பயன்படுத்துவோர் சொல் கேட்டுத் திருத்திச் செல்ல வேண்டும் என்பது அவர்கள் நெறி. இந்நெறியைத் தழுவிய பல குழுக்கள் நாள்தோறும் காலையில் சிறிது நேரம் நின்றபடியே கூடுகின்றன. நேற்று என்ன முடிந்தது, இன்று என்ன செய்வது, எங்கே தடை என்று ஒவ்வொருவரும் கூறுவர். இதனை அந்தத் தந்தையாரிடம் சொன்னபோது அவர் சிரித்து, “அட, நம்ம பெரட்டுங்களா!” என்றார்.

கங்காணியும் தலைவரும்

பெரட்டேதான், ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அந்நாளைய கங்காணிக்கு வேலைக்கு வந்த ஆட்களின் தொகைக்கேற்பத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே அவர் தலைகளை எண்ணினார். ஆள் குறைந்தால் அதட்டினார். நிரை கெட்டால் ஆளைத் திட்டினார். தோட்டத்தார் பேசினால் கேட்பதற்கன்று, ஆணை சொல்வதற்கே பெரட்டு. மென்பொருட் குழுவின் நல்ல தலைவரோ தலைகளை எண்ணுபவரல்லர், தடைகளை எண்ணுபவர். தாமும் கத்தி பிடிக்கத் தெரிந்தவர். தம் வேலையையே முதலில் பிறர் பார்வைக்கு நீட்டுபவர். கோவிந்தசாமி தம் கணியன் ஒன்றே போதும் என்று இருந்திருக்கலாம். பிறரையெல்லாம் அழைத்து மாநாடு கூட்டினார். தலைமை என்பது அதுவே.

இதனை எழுதும் நானும் கங்காணியாக இருந்தவனே. தலைமையாசிரியனான தொடக்கக் காலத்தில், ஓர் இளம் ஆசிரியை தொகுத்த தேர்வுத்தாளில் பிழை கண்டு ஆசிரியர் கூட்டத்திலேயே கடிந்துகொண்டேன். அதன்பின் என் முன் வந்த தாள்களில் பிழையே இல்லை என்று மகிழ்ந்தேன். உண்மையில் பிழை குறையவில்லை. தாள்கள் என்னிடம் கடைசி நாளில் மட்டுமே வந்தன. நான் படிக்க நேரமின்றிப் பிள்ளைகள் கைக்கே பிழைகள் போய்ச் சேர்ந்தன. ஒரு மாணவன் எழுந்து, “சார், இந்தக் கேள்விக்கு விடையே இல்லை” என்று சொன்னபோதுதான் நான் விழித்துக்கொண்டேன்.

இப்போது எங்கள் பள்ளியில் வேறு வழக்கம். பயிற்சித்தாளை ஒருவர் எழுதினால் மற்றொருவர் படிப்பார். முதலில் படிக்கக் கொடுப்பது நான் எழுதிய தாள். ஒவ்வொரு படிக்கும் நாளும் எண்ணும் உண்டு. பிழைக்கென ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறோம். அதில் பிழை எழுதப்படும். பிழை செய்தவர் பெயர் எழுதப்படாது. எப்படி நேர்ந்தது, இனி எப்படித் தடுப்பது என்று மட்டும் எழுதுவோம். அக்குறிப்பேட்டில் முதற்பக்கம் என் கையெழுத்தில் உள்ளது. நான்கு ஆசிரியர்க்கு வழிகள் 6. அதற்குமேல் ஒரு தாளுக்குக் குழு சேர்ப்பதில்லை. இவையெல்லாம் மென்பொருளாரிடமிருந்து நான் கற்றவை. கணினியே இல்லாத பள்ளியிலும் இவற்றைக் கைக்கொள்ளலாம்.

தமிழாசிரியர் கடன்

கணித்தமிழின் வேலை முடிந்துவிட்டதா? இல்லை. எழுத்துக்கு எண் கிடைத்துவிட்டது. ஆனால் சந்திப்பிழை காணவும், பேச்சைக் கேட்டு எழுதவும், பழைய நூலின் படத்தைப் படித்து எழுத்தாக்கவும், கேட்ட வினாவுக்குத் தமிழிலேயே விடை கூறவும் கணினி பழகி வருகிறது. அதற்கு எந்தத் தமிழைக் கொடுக்கிறோமோ அந்தத் தமிழையே அது கற்கும். ஒற்று மிகும் இடம் எது, மிகா இடம் எது, தோட்டத்தார் வழங்கிய ‘பெரட்டு’, ‘மங்கு’, ‘நிரை’ என்னும் சொற்களுக்குப் பொருள் என்ன என்று நிரலர் அறிவாரா? அவர் கேட்கும்போது சொல்ல நாம் அங்கே இருக்க வேண்டும். 1991-இல் ஒரு குரலாக அமராதிருந்ததன் விலையை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். மறுமுறையும் அதே தவற்றைச் செய்தால் அதற்கு மன்னிப்பில்லை.

அந்த மாணவி இப்போது மூன்றாமாண்டு பயில்கிறாள். விடுமுறையில் பள்ளிக்கு வந்தவள், “சார், எங்க குழுவில ஆறு பேர். நான் எழுதினதுல நேத்து பன்னிரண்டு பிழை கண்டுபிடிச்சாங்க” என்றாள். வருந்துகிறாயா என்று கேட்டேன். “இல்ல சார், பின்னால வர்றவங்களுக்குக் காயம் இல்லாம இருக்கணும்ல” என்றாள். அவள் பாட்டனார் பால்வெட்டுக்காரர். அந்தச் சொல்லை எங்கிருந்து பெற்றாள் என்று நான் கேட்கவில்லை.